ஜிபிஎஸ் பிபிஎஸ் பல்ஸை வெளியே கொண்டுவர எந்த சர்க்யூட்: ஐந்து வழிகள், ஓர் அலசல்

நேரத்துக்கென்றே செய்யப்பட்ட ஜிபிஎஸ் ரிசீவரிலிருந்து இரண்டு சங்கதிகள் வெளியே வருகின்றன. ஒன்று, இப்போது மணி என்ன என்று சீரியலில் வரும் தகவல். மற்றது, நொடி பிறக்கும் கணத்தில் எழும் பல்ஸ், அதாவது பிபிஎஸ். தகவல் அரை நொடி தாமதமாக வந்தாலும் பாதகமில்லை. பல்ஸ் அப்படியல்ல. யூப்ளாக்ஸ் நியோ-எம்8டி அதை 21 நானோ நொடிப் படிகளில் வைக்கிறது. பழைய மோட்டரோலா ஆன்கோர் யூடி+ல் பல்ஸ் 52 நானோ நொடி வரை முன்னும் பின்னும் நகரும். இதற்கு மேல் நாம் கட்டும் சர்க்யூட் எவ்வளவு கெடுக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால், பல்ஸை வாங்கிக்கொள்ளப்போவது யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். லினக்ஸ் கணினியின் இன்டரப்ட்டா (ஓடும் வேலையை நிறுத்தி இதைக் கவனி என்னும் சிக்னல்), அல்லது அதிர்வெண்ணை அளக்கும் ஃப்ரீக்வன்சி கவுண்ட்டரா? முன்னதில் சில மைக்ரோ நொடி எப்படியும் போய்விடும். அங்கே 5 நானோ நொடி சிப்புக்குச் செலவழிப்பது வீண். பின்னதில் 10 நானோ நொடியும் கண்ணுக்குத் தெரியும்.

ஆர்எஸ்-232: பழசு, ஆனால் நாணயமானது

ஆர்எஸ்-232 என்பது கணினியின் பழைய சீரியல் போர்ட் பேசும் முறை. நிஜமான சீரியல் போர்ட் உள்ள டெஸ்க்டாப் இருந்தால், ஜிபிஎஸ்ஸின் வோல்ட்டேஜை அந்த முறைக்கு மாற்றும் மேக்ஸ்3232 சிப் ஒன்று போதும். அதன் உள்ளே இரண்டு டிரைவர் (கணினிக்கு அனுப்புபவை), இரண்டு ரிசீவர் (கணினியிலிருந்து வாங்குபவை; ஜிபிஎஸ் ரிசீவர் அல்ல). ஒரு டிரைவர் டேட்டாவுக்கு, இன்னொன்று பிபிஎஸ்ஸுக்கு, ஒரு ரிசீவர் கணினி அனுப்பும் கட்டளைகளுக்கு. டிபி-9 கனெக்டரில் டேட்டா 2ஆம் பின், கட்டளை 3, கிரவுண்ட் 5, பிபிஎஸ் போகவேண்டியது டிசிடி எனப்படும் 1ஆம் பின். 3.3 வோல்ட்டில், சிப்புக்குள்ளேயே வோல்ட்டேஜைக் கூட்டும் சார்ஜ் பம்ப்புக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் நான்கு, சப்ளைக்கு ஒன்று.

டப்பாவில் கிடக்கும் பழைய மேக்ஸ்232ஐ இங்கே போட ஆசை வரும். வேண்டாம். அது 5 வோல்ட் சிப், கெப்பாசிட்டரும் 1 மைக்ரோ ஃபாரட் கேட்கும். அதன் ரிசீவர் அவுட்புட் 5 வோல்ட்டுக்கு ஏறுவதால், 3.3 வோல்ட் ஜிபிஎஸ் மாட்யூலின் ஆர்எக்ஸ் (டேட்டா வாங்கும்) பின்னைக் கொன்றுவிடும். ஆன்கோர் யூடி+ போன்ற 5 வோல்ட் போர்டுக்கு மட்டுமே அது பொருந்தும்.

இந்த வழியில் எல்லோரும் இடறுவது தலைகீழாக்கத்தில். சிப் சிக்னலைத் திருப்பிப் போடுகிறது. பல்ஸ் ஏறும்போது டிசிடி இறங்கும். மென்பொருள் தவறான விளிம்பை, அதாவது பல்ஸ் ஏறும் கணத்துக்குப் பதில் இறங்கும் கணத்தைப் பிடித்தால் கடிகாரம் பல்ஸின் அகலத்துக்கு அப்படியே பின்தங்கும்: யூப்ளாக்ஸின் வழக்கமான அமைப்பில் 100 மில்லி நொடி, ஆன்கோரில் 200. பிழை இவ்வளவு முழு எண்ணாக இருந்தால் சாலிடரிங் அயனை எடுக்காதீர்கள். கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்யும் மென்பொருளான க்ரோனியில் பிபிஎஸ் சாதனத்தின் பெயரோடு ‘கிளியர்’ என்று சேர்த்தால் போதும்; அதே வேலை செய்யும் என்டிபிடி என்றால் அதன் 22ஆம் டிரைவரில் (பிபிஎஸ்ஸுக்கான மென்பொருள் பகுதி) ஃப்ளாக்2ஐ 1 ஆக்குங்கள்.

சிப்பின் தாமதம் ஏறத்தாழ 0.3 மைக்ரோ நொடி, அதோடு ஆர்எஸ்-232 விளிம்பு மெதுவாகச் சாய்வதால் இன்னும் கொஞ்சம். அது மாறாத தாமதம், கழித்துவிடலாம். கணினியின் இன்டரப்ட் தாமதமோ நொடிக்கு நொடி ஆடும். அதைக் கழிக்க வழியில்லை.

டிரிம்பிள் தண்டர்போல்ட் என்ற ஜிபிஎஸ் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சிக்கல். அதன் பல்ஸ் 10 மைக்ரோ நொடிதான். கணினி இன்டரப்ட்டைக் கவனித்து டிசிடியைப் படிப்பதற்குள் பல்ஸ் முடிந்துபோயிருக்கும்; சில நொடிகள் பதிவாகும், சில காணாமல் போகும். 74எச்சிடி123 ஒன்றில் 100 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் போட்டு நீட்டினால் சுமார் 45 மில்லி நொடி கிடைக்கும். கெப்பாசிட்டர் துல்லியமாக இருக்கத் தேவையில்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது முதல் விளிம்பு மட்டுமே.

யூஎஸ்பி: டேட்டாவுக்குச் சரி, பல்ஸுக்கு வேண்டாம்

ஃபுல்-ஸ்பீட் யூஎஸ்பியில் கணினி 1 மில்லி நொடி ஃப்ரேம்களில்தான் சாதனத்தை விசாரிக்கிறது. டிசிடி எப்போது மாறினாலும் செய்தி அடுத்த விசாரிப்புக்குக் காத்திருக்கும். நானோ நொடிக் கணக்கில் வரும் பல்ஸை மில்லி நொடிக் கணக்கில் வாங்குவது, நகைக்கடைத் தராசில் நிறுத்த தங்கத்தை விறகுக்கடையில் மறுபடி நிறுப்பது மாதிரி. யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் மலிவான சிஎச்340 போர்டுகள் பலவற்றில் டிசிடிக்கு இணைப்பே கிடையாது. ரிசீவரை அமைக்கவும் சாட்டிலைட் பார்க்கவும் யூஎஸ்பியை வைத்துக்கொள்ளுங்கள்.

ராஸ்பெரி பை ஜிபிஐஓ: பெரும்பாலானோருக்கு இதுவே

நெட்வொர்க்கில் மற்ற கணினிகளுக்கு நேரம் சொல்லும் என்டிபி சர்வர்தான் நோக்கம் என்றால் இதைத் தாண்டி யோசிக்க வேண்டியதில்லை. 3.3 வோல்ட் யூப்ளாக்ஸ் மாட்யூலின் டைம்பல்ஸ் (பிபிஎஸ்) பின்னை 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் பொதுப் பின்களில் ஒன்றான ஜிபிஐஓ 18க்கு, அதாவது ஹெடரின் 12ஆம் பின்னுக்குக் கொடுங்கள். அந்த ரெசிஸ்டர் ஏன்? பை அணைந்திருக்கும்போது ரிசீவருக்கு மட்டும் மின்சாரம் இருந்தால், பின்னின் பாதுகாப்பு டையோடு வழியே பை அரைகுறையாக உயிர்பெறப் பார்க்கும். ரெசிஸ்டர் அந்தக் கரண்ட்டை அடக்கும்.

பையின் பின்கள் 5 வோல்ட் தாங்காது. யூடி+க்கு 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் டிவைடர் (வோல்ட்டேஜைப் பங்கிடும் ரெசிஸ்டர் ஜோடி) போட்டால் 3.3 வோல்ட் வரும். கரண்ட் மிச்சம் பிடிக்க 10 கிலோ, 20 கிலோ போடுபவர்கள் உண்டு. ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் என்றால், ஒவ்வொரு மீட்டருக்கும் விளிம்பு 0.7 மைக்ரோ நொடி அளவுக்கு மழுங்கும். இதைவிட 3.3 வோல்ட்டில் ஓடும் 74எல்விசி1ஜி17 என்ற பஃபர் சிப் நல்லது. இன்புட்டில் 5 வோல்ட் தாங்கும், ஷ்மிட் டிரிக்கர் என்பதால் அழுக்கான விளிம்பையும் சுத்தமாக்கும், தாமதம் சில நானோ நொடிதான்.

பூட் கான்ஃபிக் கோப்பில் பிபிஎஸ்-ஜிபிஐஓ ஓவர்லேயை 18 என்ற பின் எண்ணோடு சேர்த்து, சீரியல் கன்சோலை அணைத்துவிட்டு, வரும் பல்ஸைக் காட்டும் பிபிஎஸ்டெஸ்ட் நிரலை ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு ஒரு வரி வர வேண்டும். இரண்டு வந்தால் விளிம்பில் ரிங்கிங் (அதிர்வு). கிரவுண்ட் ஒயர் நீளமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்ஸ் பதிவாகும் நேரத்தின் ஆட்டம் சில மைக்ரோ நொடிக்குள் நிற்கும். சிபியுவின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கினால் இன்னும் குறையும்.

இதற்கு மேல் வேண்டுமென்றால், அதே எல்விசி பஃபரின் அவுட்புட்டை இன்டெல் ஐ210 நெட்வொர்க் கார்டின் எஸ்டிபி (மென்பொருளால் வேலையை மாற்றக்கூடிய) பின்னில் கொடுக்கலாம். அங்கே நேரத்தைக் குறிப்பது ஹார்ட்வேரே, இன்டரப்ட் தாமதம் கணக்கிலேயே வராது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஐ210 ஏறும் விளிம்பு, இறங்கும் விளிம்பு இரண்டையும் பதிவு செய்யும். பல்ஸ் அகலத்தை மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் குழம்பிப்போகும்.

கவுண்ட்டருக்கு: 50 ஓம் கோஆக்ஸ்

ரிசீவர் பின் சில மில்லி ஆம்பியர்தான் கொடுக்கும். அதை நேராகக் கோஆக்ஸ் கேபிளில் கட்டினால் முனையில் 50 ஓமுக்கு எதிரே சிக்னல் படுத்துவிடும். முனையைத் திறந்து விட்டால் எதிரொலித்து இரட்டை டிரிக்கர் வரும்.

தீர்வு ஒரு 74ஏசிடி04, சிக்னலைத் திருப்பிப் போடும் இன்வெர்ட்டர் ஆறு உள்ள சிப். ஆறு இன்வெர்ட்டரில் ஒன்று மற்ற ஐந்தை ஓட்டட்டும். ஐந்தின் அவுட்புட்டிலும் தலா 240 ஓம் போட்டு ஒன்றாக இணையுங்கள். இணையாக 48 ஓம், இன்வெர்ட்டர்களின் உள்தடையும் சேர்ந்தால் ஏறக்குறைய 50. இருமுறை திரும்புவதால் சிக்னலும் நேராகவே வரும். 50 ஓம் முனையில் 2.5 வோல்ட், ஹை-இம்பிடன்ஸ் முனையில் 5 வோல்ட். இன்வெர்ட்டர் ஒன்றுக்கு 10 மில்லி ஆம்பியர், தாராளமாகத் தாங்கும்.

ஏசிடிக்குப் பதில் 74ஏசி04 வாங்கிவிடாதீர்கள். 5 வோல்ட்டில் ஏசிக்கு 3.5 வோல்ட் வந்தால்தான் ‘ஹை’ என்பதற்கு உத்தரவாதம். யூப்ளாக்ஸ் தரும் 3.3 வோல்ட்டில் மேசையில் வேலை செய்யும், வெயில் காலத்தில் மக்கர் பண்ணும். ஏசிடிக்கு 2 வோல்ட் போதும். பிரெட்போர்டிலும் கட்டாதீர்கள். ஓரிரு நானோ நொடியில் ஏறும் விளிம்புக்கு அந்த நீள ஒயர்களே இண்டக்டர். கிரவுண்ட் பிளேன் உள்ள காப்பர் போர்டு, சிப்பின் சப்ளை பின்னை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட், பக்கத்தில் 10 மைக்ரோ ஃபாரட்.

ரிசீவர் மொட்டைமாடியில் என்றால்: ஆர்எஸ்-422

தூரம் 20, 30 மீட்டர் ஆகும்போது கேட்5 நெட்வொர்க் கேபிளில் ஆர்எஸ்-422 முறைப்படி, ஒரு சிக்னலுக்கு ஓர் ஒயர் ஜோடி என்று அனுப்புவதே நல்லது. அனுப்பும் பக்கம் ஏஎம்26எல்எஸ்31, வாங்கும் பக்கம் ஏஎம்26எல்எஸ்32, முனையில் 100 ஓம். மேக்ஸ்485 வகை சிப் போட நினைத்தால் மேக்ஸ்487ஐத் தவிருங்கள். வேண்டுமென்றே விளிம்பை மெதுவாக்கியது அது.

மறந்துபோவது பவர். கேட்5 ஒயர் மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம். 30 மீட்டர் போய்த் திரும்ப 5 ஓம். 200 மில்லி ஆம்பியருக்கு 1 வோல்ட் விழும். 12 வோல்ட் அனுப்பி மேலே ரெகுலேட்டர் வையுங்கள். இடிக்குப் பயந்து, ஒளி வழியே சிக்னலைக் கடத்தி மின் இணைப்பைப் பிரிக்கும் ஆப்டோகப்ளர் சேர்ப்பதென்றால் 6என்137. பிசி817 பல மைக்ரோ நொடி மெதுவானது, சூட்டுக்கும் ஏற்ப மாறும்.

கேபிளில் மீட்டருக்கு 5 நானோ நொடி போகும். இதை ரிசீவரிலேயே சரிக்கட்டலாம், ஆன்கோரிலும் கட்டளை உண்டு. யூப்ளாக்ஸ் எம்8 ரிசீவரோ நீங்கள் எதுவும் சொல்லாமலேயே ஆன்டெனா கேபிளுக்கு 50 நானோ நொடி கழிக்கிறது. 2 மீட்டர் கேபிள் போட்டிருந்தால் அந்த எண்ணை 10 ஆக்கிவிட்டு, அதன் பிறகு சர்க்யூட்டின் தாமதத்தை அளங்கள்.