"8கே கோல்டு கேபிள்" என்று பையிலிருந்து எடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்

55 அங்குல 4கே டிவி, கூடவே 4கே டிஸ்க் ஓட்டும் ஒரு யுஎச்டி ப்ளூரே பிளேயர். மாட்டிக்கொடுக்க வந்தவர் பிளேயர் டப்பாவிலேயே இருந்த எச்டிஎம்ஐ கேபிளைப் பிரிக்கக்கூட இல்லை. "இது சாதா சார், இதுல 4கே வராது. 8கே கோல்டு இருக்கு, உங்களுக்காக 3,500க்குத் தர்றேன்." ஒன்றரை மீட்டர் கேபிள். பில் கிடையாது. ராத்திரி டிஸ்க் போட்டுப் பார்த்தால் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறை) வரவில்லை. போன் செய்தால், "அப்ப டிவி போர்ட்ல பிரச்சினை, சர்வீஸ் போடுங்க."

கோளாறு கேபிளிலும் இல்லை, போர்ட்டிலும் இல்லை. பழைய கருவிகளோடும் ஒத்துப்போகட்டும் என்று பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டைக் குறைந்த வேகத்தில் வைத்தே அனுப்புகிறார்கள். மெனுவில் போய் நாம்தான் மாற்ற வேண்டும். சோனியில் "எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்" என்பதை "என்ஹான்ஸ்டு" ஆக்க வேண்டும். எல்ஜியில் "டீப் கலர்", சாம்சங்கில் "இன்புட் சிக்னல் பிளஸ்". ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். இரண்டாவது போர்ட்டில் செய்துவிட்டு மூன்றாவதில் கேபிளைச் சொருகினால் பழைய கதைதான். மாற்றியதும் டப்பாவில் வந்த அந்த "சாதா" கேபிளிலேயே எச்டிஆர் வந்துவிட்டது. வந்ததா என்று கண்ணால் ஊகிக்க வேண்டாம். படம் ஓடும்போது ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் பல டிவிகள் எச்டிஆர் என்று திரையில் காட்டிவிடும்.

சாதா கேபிள் எப்படிப் போதும்? டிஸ்க்கில் உள்ள சினிமா பெரும்பாலும் நொடிக்கு 24 ஃப்ரேம்தான். 4கே எச்டிஆரில் அதை அனுப்ப சுமார் 9 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 9 கிகாபிட்) போதும். "ஹை ஸ்பீடு" வகைக் கேபிள் 10.2 வரை தாங்கும். ஸ்ட்ரீமிங் பாக்ஸில் 4கே 60 ஃப்ரேம் எச்டிஆர் பார்ப்பவர்களுக்கு 18 ஜிபிபிஎஸ் தாங்கும் "பிரீமியம் ஹை ஸ்பீடு". 4கே 120இல் கேம் ஆடுபவர்களுக்கு மட்டும் 48 ஜிபிபிஎஸ் தாங்கும் "அல்ட்ரா ஹை ஸ்பீடு". கேபிளுக்கு உள்ள பெயர்கள் இந்த மாதிரிதான். "எச்டிஎம்ஐ 2.1 கேபிள்" என்று வெர்ஷன் எண்ணைப் போட்டுக் கேபிள் விற்க உரிம விதியே அனுமதிப்பதில்லை. பிரீமியம், அல்ட்ரா இரண்டிலும் டப்பாமேல் ஸ்கேன் செய்து சரிபார்க்கும் சான்று லேபிள் ஒட்டியிருக்கும். அது இல்லாமல் வெறும் "8கே" அச்சு என்றால் அட்டைக்குத்தான் காசு. "600 ஹெர்ட்ஸ் கேபிள்" என்று ஒன்று கிடையவே கிடையாது.

"இந்தக் கேபிள் போட்டா கலர் தூக்கலா இருக்கும்" என்பது சுத்தப் பொய். எச்டிஎம்ஐயில் போவது டிஜிட்டல் சிக்னல். கேபிள் சரியில்லை என்றால் படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மின்மினி மாதிரி மினுங்கும், நொடி நேரம் திரை கறுக்கும், அல்லது "நோ சிக்னல்". நிறம் மங்காது, படம் கலங்காது. கடையில் இரண்டு டிவியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டினால், பின்னால் போய்ப் பாருங்கள்: ஒன்றில் மஞ்சள் ஏவி ஒயர் சொருகியிருக்கலாம், இன்னொன்றில் பிக்சர் மோடு "விவிட்" ஆக இருக்கலாம். தங்கமுலாம் பூசுவது முனை களிம்பேறாமல் இருக்க. உப்புக்காற்று அடிக்கும் வீட்டுக்கு உபயோகம்தான், ஆனால் 300 ரூபாய்க் கேபிளிலும் அது இருக்கிறது.

காசு செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சுவருக்குள் பைப்பில் 10, 15 மீட்டர் ஓட்டி புரொஜெக்டருக்கோ எதிர்ச்சுவர் டிவிக்கோ கொண்டுபோவது. சாதாரணச் செம்புக் கேபிளில் 4கே 60 என்றால் 5 மீட்டர் தாண்டினாலே சந்தேகம். அங்கே செம்புக்குப் பதில் ஒளியிழையில் சிக்னலை அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். அதற்குத் திசை உண்டு: ஒரு தலையில் "சோர்ஸ்", மறுதலையில் "டிஸ்ப்ளே" என்றிருக்கும். மாற்றி இழுத்துவிட்டால் படமே வராது, திரும்ப உருவத்தான் வேண்டும். முக்கால் அங்குலப் பைப்பில் தலை நுழைவது கஷ்டம், ஒன்றேகாலாவது போடச் சொல்லுங்கள். பூச்சு வேலைக்கு முன்னால் கேபிளைத் தரையில் விரித்து ஒரு படம் முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

பழைய டிவிடி பிளேயர் வைத்திருப்பவர்களிடம் நடப்பது வேறு மோசடி. "ஏவி டு எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் போட்டா 1080பி ஆயிடும்" என்பார்கள். ஆகாது. மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வந்துவிட்டன. கன்வர்ட்டர் அதை இழுத்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். முதலில் பிளேயருக்குப் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஜாக் இருக்கிறதா பாருங்கள். அதுதான் காம்பொனென்ட். டிவியிலும் இருந்தால் அதில் கொடுத்து, பிளேயர் மெனுவில் "புரொகிரசிவ்" (ஒவ்வொரு ஃப்ரேமையும் முழுதாக அனுப்பும் முறை) ஆன் செய்தால் எழுத்து ஓரங்கள் தெளிவாக நிற்கும். ஆனால் புரொகிரசிவ் ஆனில் இருக்கும்போது மஞ்சளுக்கு மாறினால் பல பிளேயர்களில் திரை காலி, பயப்பட வேண்டாம்.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தால் டிவி கெட்டுப்போகவில்லை. காம்பொனென்ட் உள்ள பல டிவிகளில் ஏவிக்கும் காம்பொனென்ட்டுக்கும் ஒரே பச்சை ஜாக்தான். மஞ்சளை அதில் சொருகிவிட்டு இன்புட்டைக் காம்பொனென்ட்டில் வைத்தால் இப்படித்தான் வரும். இன்புட்டை ஏவிக்கு மாற்றுங்கள். இதற்கே "போர்டு போச்சு" என்று சொல்பவர்கள் உண்டு. ப்ளூரேக்குக் காம்பொனென்ட் தேட வேண்டாம்: 2013க்குப் பிறகு தயாரானவற்றில் அனலாக் வீடியோ வெளியீடே கிடையாது.

பையிலிருந்து எடுத்த கேபிளுக்கு எம்ஆர்பி, தயாரித்தவர் அல்லது இறக்குமதியாளர் முகவரி அச்சிட்ட டப்பாவையும் பில்லையும் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் யூபிஐ ரசீதையும் கேபிள் படத்தையும் வைத்துக்கொண்டு 1915க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழையுங்கள்.