புதிய நர்ஸ் பிராக்டிஷனரின் முதல் வேலை: ரெசிடென்சியா, சமூக நல மையமா, மருத்துவமனையா, அர்ஜென்ட் கேரா?

அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்நிலைச் செவிலியர்) படிப்பை முடித்துத் தேசியச் சான்றிதழ்த் தேர்விலும் தேறியவருக்கு முதல் வேலைக்கான வழிகள் பல உண்டு. அவற்றைச் சம்பளத்தை மட்டும் வைத்து ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் போய்ச் சேருகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் படிப்பில் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பயிற்சிக்கு நீண்ட காலம் 500 மணி நேரமே குறைந்தபட்ச அளவாக இருந்தது. 2022-இல் வெளியான கல்வித் தரநெறிகள் அதை 750 மணி நேரமாக உயர்த்தின. குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவரோ, மருத்துவக் கல்லூரியை முடித்த பிறகும் 3 ஆண்டுகள் மூத்தவர்களின் மேற்பார்வையில் பணியாற்றிய பின்னரே தனித்து நிற்கிறார். செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அனுபவம் பெரிதும் கைகொடுக்கும் என்றாலும், நோயை இன்னதென்று முடிவு செய்து மருந்து எழுதும் பொறுப்பு புதியது. அந்தப் பொறுப்பைத் தாங்கும் பக்குவத்தை முதல் வேலைதான் தந்தாக வேண்டும். ஆகவே, ஐயம் எழும் நேரத்தில் கேட்பதற்கு அருகில் யார் இருப்பார் என்பதையே இந்த ஒப்பீட்டின் முதல் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அந்த அளவுகோலின்படி முதலிடம், படிப்பு முடிந்த பின் சம்பளத்துடன் பெறும் மேற்பார்வைப் பயிற்சியான ரெசிடென்சிக்கே. முதன்மை மருத்துவத்தில் (எந்த நோய்க்கும் மக்கள் முதலில் நாடும் பொது மருத்துவம்) நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கான முதல் ரெசிடென்சியை 2007-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஒரு சமூக நல மையத்தில் (வசதி குறைந்தவர்களுக்கும் சிகிச்சை தரும் சமூக மருத்துவ மையம்) மார்கரெட் பிளின்டர் தொடங்கினார். பின்னர் அந்த முறை நாட்டின் பல சமூக நல மையங்களுக்கும் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளுக்கும் பரவியது. பெரும்பாலும் 12 மாதங்கள் நீடிக்கும் இந்தப் பயிற்சியில், தனக்கென ஒதுக்கப்பட்ட நோயாளிகளைப் பார்க்கும் நாட்கள், சிறப்புத் துறைகளில் சில வாரச் சுழற்சி, வாராந்திர வகுப்புகள் ஆகியவை கலந்திருக்கும். நல்ல ரெசிடென்சியை அடையாளம் காட்டுவது ஒன்றே: பயிற்சி தரும் மூத்தவர் அந்த நேரத்தில் தமக்கென்று நோயாளிகளை வைத்துக்கொள்ளாமல், புதியவரின் கேள்விகளுக்காகவே அங்கே இருப்பார். இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. 2023-ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்குப்படி நர்ஸ் பிராக்டிஷனர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,26,260 டாலர்; ரெசிடென்சியில் கிடைப்பது அதைவிட வெகுவாகக் குறைவு. இடங்கள் சில, போட்டி அதிகம், பெரும்பாலும் ஊர் மாறவும் வேண்டியிருக்கும். முடித்த பிறகு அதே நிறுவனத்தில் குறிப்பிட்ட காலம் பணியாற்ற வேண்டும் என்று சிலர் நிபந்தனை விதிப்பதும் உண்டு. உரிமம் பெறுவதற்கு ரெசிடென்சி தேவையில்லை என்பதால், அந்தப் பெயரைச் சூட்டிக் குறைந்த சம்பளத்தில் முழு வேலை வாங்கும் இடங்களும் இருக்கக்கூடும். அங்கீகாரம் பெற்ற பயிற்சிதானா என்று கேட்டு அறிவது அவசியம்.

ரெசிடென்சிக்கு உண்மையான போட்டி, கூட்டாட்சி நிதி பெறும் சமூக நல மையங்களில் நேரடியாக முழுச் சம்பளத்துக்குச் சேருவதுதான். கல்விக் கடன் உள்ளவருக்கு இந்த வழியின் பலம் சாதாரணமானதல்ல. மருத்துவப் பற்றாக்குறை உள்ள பகுதியின் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் 2 ஆண்டுகள் முழுநேரம் பணியாற்ற ஒப்புக்கொள்பவர்களுக்கு, தேசியச் சுகாதாரச் சேவைப் படை கடன் அடைப்புத் தொகை வழங்குகிறது. செவிலியர்களுக்கென்றே உள்ள நர்ஸ் கோர் திட்டம், தேர்ந்தெடுக்கப்படுபவர்களின் செவிலியர் கல்விக் கடனில் 60 விழுக்காட்டை 2 ஆண்டுப் பணிக்கும், மேலும் 25 விழுக்காட்டை மூன்றாம் ஆண்டுப் பணிக்கும் அடைக்கிறது. லாப நோக்கற்ற நிறுவனம் என்றால், தகுதியுள்ள 120 மாதத் தவணைகளுக்குப் பிறகு எஞ்சிய கூட்டாட்சிக் கடனைத் தள்ளுபடி செய்யும் பொதுச்சேவைத் திட்டத்துக்கும் அந்தப் பணிக்காலம் கணக்காகும். தகுதி பெற்ற மையங்களின் ஊழியர்கள்மீது சிகிச்சைப் பிழை வழக்கு வந்தால், கூட்டாட்சிச் சட்டமே காப்பீட்டின் இடத்தில் நின்று பாதுகாக்கிறது.

ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள இடம் என்பதாலேயே, சேர்ந்த சில வாரங்களில் புதியவரின் அட்டவணை நிரம்பிவிடும் அபாயமும் இங்குதான் அதிகம். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், மன அழுத்தம் ஆகிய மூன்றும் உள்ள ஒருவரை, மொழிபெயர்ப்பாளர் துணையுடன், 20 நிமிடங்களில் பார்த்து முடிப்பது அனுபவசாலிக்கே எளிதல்ல. எனவே பேச்சுவார்த்தையில் நான் வலியுறுத்தச் சொல்வது சம்பளத்தைவிட அட்டவணையைத்தான்: முதல் மாதங்களில் நோயாளி ஒருவருக்கு 40 நிமிடம், பிறகு படிப்படியாகக் குறைப்பு, கேள்வி கேட்பதற்குப் பொறுப்பான மூத்தவரின் பெயர், அவருக்கு அதற்கென ஒதுக்கப்பட்ட நேரம் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றை எழுதித் தரும் மையம் கிடைத்தால், குறிப்பாகக் கடன்சுமை உள்ளவர், ரெசிடென்சியைத் தயங்காமல் தவிர்க்கலாம். வாய்மொழி உறுதி மட்டுமே தருவார்களானால், ஓராண்டுச் சம்பள இழப்பை ஏற்றுக்கொண்டு ரெசிடென்சிக்குச் செல்வதே மேல்.

மருத்துவமனையின் இதய நோய், புற்றுநோய் போன்ற சிறப்புப் பிரிவுகளில் குழுவாகப் பணியாற்றும் சூழலும் ஒழுங்கான அறிமுகப் பயிற்சியும் கிடைப்பதுண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து, கடும் நோயாளிகளைக் கவனிப்பதற்கான (அக்யூட் கேர்) சான்றிதழும் பெற்றவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் வேலை வேறில்லை. குடும்ப மருத்துவச் சான்றிதழ் பெற்றவர் அதே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர முற்படுவதுதான் சிக்கல். எந்த வகை நோயாளிகளுக்காகக் கல்வியும் சான்றிதழும் பெற்றோமோ அதற்குள்ளேயே பணி அமைய வேண்டும் என்பது 2008-இல் உருவான ஒருமித்த நெறிமுறையின் அடிப்படை, மாநிலச் செவிலியர் வாரியங்களும் அதைக் கவனிக்கின்றன. மேலும், ஒரே துறையில் சில ஆண்டுகள் கழிந்த பின் முதன்மை மருத்துவத்துக்குத் திரும்புவது கடினமாகிவிடும். விசா தேவைப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் காரணம்: பல்கலைக்கழகத்துடன் இணைந்த லாப நோக்கற்ற மருத்துவமனைகள் எச்-1பி விசாவின் ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டவை அல்ல.

முன்பதிவின்றி வருபவர்களுக்கு உடனடிச் சிகிச்சை தரும் அர்ஜென்ட் கேர் மையங்களில் வேலை ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைக்கும், ஷிஃப்ட் முறையும் வசதியானது. ஆயினும் பல இடங்களில் அந்த ஷிஃப்டில் மருந்து எழுதும் தகுதியுள்ளவர் ஒருவர் மட்டுமே இருப்பார். தையல் போட வேண்டிய காயம், எலும்பு முறிவா என்று பார்க்க வேண்டிய எக்ஸ்ரே, மாரடைப்பாக இருக்கக்கூடிய நெஞ்சு வலி ஆகியவை ஒரே மணி நேரத்தில் வந்து நிற்கும்போது, கேட்க ஆளில்லாத புதியவரை அங்கே நிறுத்துவது அவருக்கும் நியாயமல்ல, நோயாளிக்கும் நியாயமல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் நீண்ட காலம் செவிலியராக இருந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதை முதல் வேலையாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இணையவழிச் சிகிச்சையான டெலிஹெல்த்தும் அப்படியே, நோயாளியைத் தொட்டுப் பார்த்துக் கற்க வேண்டிய ஆண்டில் கணினித் திரைக்கு முன்னால் அமர்வது இழப்பு.

தனி மருத்துவரின் கிளினிக்கில் சேருவதாக இருந்தால், எல்லாம் அந்த ஒரு மருத்துவரின் குணத்தைப் பொறுத்தது. அங்கே கட்டணம் யார் பெயரில் கோரப்படுகிறது என்று கேளுங்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், நர்ஸ் பிராக்டிஷனரின் பெயரில் வரும் கோரிக்கைக்கு மருத்துவர் கட்டணத்தில் 85 விழுக்காடு தருகிறது. குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு மருத்துவரின் பெயரில் கோரினால் முழுத் தொகையும் கிடைக்கிறது. எல்லாமே மருத்துவரின் பெயரில் சென்றால், உங்கள் உழைப்பின் அளவு கணக்கேட்டில் தெரியாமல் போகும். அடுத்த ஆண்டு சம்பள உயர்வு கேட்கும்போது காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.

இந்த வழிகள் அனைத்தையும் மாநிலச் சட்டம் குறுக்காக வெட்டிச் செல்கிறது. டெக்சாஸில் மருந்து எழுத, மருத்துவர் ஒருவருடன் எழுத்துமூல உடன்பாடு வேண்டும். நியூயார்க்கில் முதல் 3,600 மணி நேரத்துக்கு அத்தகைய உடன்பாடு தேவை. ஓரிகன், நியூ மெக்சிகோ போன்ற மாநிலங்களில் தனித்துச் செயல்படும் முழு அதிகாரம் உண்டு. முழு அதிகாரம் உள்ள மாநிலமே எப்போதும் சிறந்தது என்று புதியவர்கள் எண்ணுவது இயல்புதான், ஆனால் சட்டம் தனித்து விட அனுமதிக்கும் இடத்தில் நிர்வாகமும் தனித்து விட்டுவிடலாம். மறுபுறம், உடன்பாட்டில் கையெழுத்திட்ட மருத்துவர் வேறு ஊரில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை கோப்பு பார்ப்பவராகவும் இருக்கலாம். இரண்டு சூழலிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு ஐயம் வந்தால் யாரிடம் போவது?

ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் சிகிச்சைப் பிழைக் காப்பீட்டின் வகையையும் பாருங்கள். சம்பவம் நடந்த நாளை வைத்துப் பாதுகாக்கும் காப்பீடு என்றால் கவலையில்லை. வழக்கு தொடுக்கப்படும் நாளை வைத்துப் பாதுகாக்கும் வகை என்றால், வேலையை விட்ட பிறகும் பாதுகாப்பு நீடிக்கத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதை நிறுவனம் கட்டும் என்று எழுதி வாங்குங்கள். மாநில உரிமம், மருந்து எழுதும் பதிவு, காப்பீட்டு நிறுவனங்களின் ஒப்புதல் எல்லாம் கைக்கு வர மூன்று நான்கு மாதங்கள் ஆவது வழக்கம் என்பதால், நியமனக் கடிதம் வந்த வேகத்தில் தற்போதைய செவிலியர் வேலையை விட்டுவிட வேண்டாம்.