டோக்கியோவுக்கும் கியோட்டோவுக்கும் நடுவே இரண்டு இரவு: கனசவா வழியா, கீசோ வழியா?

ஜப்பான் பயணம் என்றதும் எல்லோரும் டோக்கியோவில் எத்தனை நாள், கியோட்டோவில் எத்தனை நாள் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். அதில் பெரிய குழப்பம் இல்லை. பத்து நாளில் நாலு, மூன்று என்று பிரித்தால் சரியாக இருக்கும். குழப்பமே நடுவில்தான். நொசோமி ரயிலில் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோவில் இறங்கிவிடலாம். கிராமம், மலை எல்லாம் ஜன்னலில் ஓடி மறைந்துவிடும். நடுவே இரண்டு இரவு ஒதுக்க மனமிருந்தால் இரண்டு வழி உண்டு. வடக்கே சுற்றிக் கனசவா, ஷிரகவாகோ, தகாயாமா என்று வருவது ஒன்று. நாகோயாவில் இறங்கிக் கீசோ பள்ளத்தாக்குக்குள் திரும்புவது இன்னொன்று. முதல் வழியில் அம்மாவுடன் போனேன். இரண்டாவதில் தனியாக.

வடக்கு வழி சொகுசானது. டோக்கியோவிலிருந்து கனசவாவுக்கு ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம். 2015-க்கு முன்பு அந்த நேரடி ரயில் கிடையாது. ஜப்பானின் மூன்று பெரிய தோட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய கென்ரோகுவென் அங்கேதான் இருக்கிறது. பழைய தேநீர் விடுதித் தெரு இருக்கிறது, ஒமிச்சோ சந்தை இருக்கிறது. ஒரு நாள் போதும். மறுநாள் காலை பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஷிரகவாகோ, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் 50 நிமிடத்தில் தகாயாமா. இந்த பஸ்களில் இருக்கையை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். வரிசையில் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் கண்ணெதிரே பஸ் நிரம்பிப் போவதைப் பார்க்கலாம்.

ஷிரகவாகோவின் ஓலை வீடுகளை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1995-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா சொன்னது: “எல்லா வீடும் கும்பிட்டுக்கிட்டு நிக்குதே!” அந்தக் கட்டுமானத்துக்கு ஜப்பானியப் பெயரே ‘கஷ்ஷோ’, அதாவது கைகூப்புதல்தான் என்று நான் பிறகு சொன்னபோது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கூரைச் சரிவு ஏறக்குறைய 60 டிகிரி. அங்கே கொட்டுகிற பனி தேங்கினால் வீடு தாங்காது, அதனால் வழுக்கி விழ விட்டிருக்கிறார்கள். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டணம் கொடுத்து ஏதாவது ஒரு வீட்டின் பரணுக்கு ஏறுங்கள். ஆணி இல்லாமல், கயிறாலும் முறுக்கிய இளங்கிளைகளாலும் கட்டிய உத்தரங்கள். கீழே அடுப்புக் குழியிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஏறிய புகையில் எல்லாம் கறுத்துப் பளபளக்கும். அந்தப் பரணில்தான் பட்டுப்புழு வளர்த்தார்கள். கூரை மாற்றும் வேலைக்கு ஊரே கூடுவதும் உண்டு.

குறை ஒன்றுதான்: கூட்டம். காலை 10 மணிக்கு மேல் சுற்றுலா பஸ்கள் வந்து நின்றால் தெரு திருவிழாவாகிவிடும். மதியத்துக்குள் தகாயாமாவுக்கு நகர்ந்துவிடுவது நல்லது. தகாயாமா ஆற்றங்கரையில் காலைச் சந்தை உண்டு. உள்ளூர்ப் பாட்டிகள் ஊறுகாயும் ஆப்பிளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

கீசோ வழியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போக யாரும் இல்லை, நடக்க வேண்டும். எதோவையும் (டோக்கியோவின் பழைய பெயர்) கியோட்டோவையும் மலைகளுக்குள்ளே இணைத்த பழைய நகாசெந்தோ சாலையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. அவற்றில் சுமாகோவும் மகோமேயும் அடுத்தடுத்தவை, இடையே சுமார் 8 கிலோமீட்டர். நாகோயாவிலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் 50 நிமிடத்தில் நகாத்சுகாவா, பிறகு பஸ்ஸில் அரை மணிக்குள் மகோமே. அங்கிருந்து சுமாகோ நோக்கி நடங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் ஏறினால் போதும், அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். எதிர்த்திசையில் வந்தால் மூச்சு வாங்கும்.

வழியில் கம்பங்களில் மணி தொங்குகிறது. கரடிக்கு. கயிற்றை இழுத்து அடித்துவிட்டுப் போக வேண்டும். முதல் மணியைக் கூச்சத்தோடு தட்டினேன், மூன்றாவதில் கோயில் மணி போல ஓங்கி அடித்தேன். பாதி வழியில் ஒரு பழைய தேநீர்க் குடில். உள்ளே கணகணவென்று அடுப்பு, கையில் சூடாகத் தேநீர். விலை கிடையாது, விருப்பமிருந்தால் உண்டியலில் போடலாம். சுமாகோவில் மின்கம்பம் கண்ணில் படாது, பகலில் கார்களுக்கு அனுமதி இல்லை. ரயில்பாதை வேறு பக்கம் போனதும் இளைத்துப்போன ஊரை, விற்கமாட்டோம், வாடகைக்கு விடமாட்டோம், இடிக்கமாட்டோம் என்று ஊர்க்காரர்களே முடிவெடுத்துக் காப்பாற்றினார்கள்.

ஆனால் மாலை 5 மணிக்கெல்லாம் கடை அடைத்துவிடுவார்கள். எனக்குத் தெரியாது. அன்று தங்குமிடத்தில் சாப்பாடு சேர்க்காமல் பதிவு செய்திருந்தேன். பையிலிருந்த இரண்டு வாழைப்பழமே இரவு உணவு. நீங்கள் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

சைவக்காரர்களுக்கு இரண்டு வழியும் சோதனைதான். காய்கறி சூப் என்று தருவதிலும் மீன் சாறு இருக்கும். பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லுங்கள். கனசவாவில் கடையில் வாங்கிய வெறும் சோற்றில் அம்மா பருப்புப்பொடியைக் கொட்டிப் பிசைந்தார், நன்றாகத்தான் இருந்தது. கீசோவில் கைகொடுப்பது கொஹெய்மொச்சி: பிசைந்த சோற்றைக் குச்சியில் பிடித்து, அக்ரூட் (வால்நட்) கலந்த இனிப்புச் சாறு தடவிச் சுடுவது. அதிலும் ஒருமுறை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழு நாள் ரயில் பாஸ் இந்தப் பயணத்துக்கு வேண்டாம். 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000-க்கு ஏற்றிவிட்டார்கள். டோக்கியோ–கியோட்டோ ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென்தான், நடுவே சுற்றினாலும் தனித்தனி டிக்கெட்டே மலிவு. பெரிய பெட்டியை டோக்கியோ விடுதியிலிருந்து கியோட்டோ விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு ஒரு முதுகுப்பையோடு கிளம்புங்கள். பஸ்ஸில் பெரிய பெட்டி பெரும் பாடு.

பெற்றோரோ குழந்தைகளோ கூட வந்தால், அல்லது பனியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், யோசிக்காமல் வடக்கு. முழங்கால் நன்றாக இருந்து, ஏப்ரல் கடைசியிலோ நவம்பரிலோ போகிறவர் என்றால் என் ஓட்டு கீசோவுக்கு. அங்கே ஒரு இரவே போதும், மிச்ச இரவைக் கியோட்டோவில் சேர்த்துக்கொள்ளலாம். சுமாகோவில் பஸ்ஸைத் தவறவிட்டால் பதற வேண்டாம். நாகிசோ ரயில் நிலையம் ஒரு மணி நேர நடைதான். நான் தவறவிட்டுத்தான் நடந்தேன்.