ஹட்டனிலிருந்து நீஸ் கடற்கரைக்கு: எங்கள் பயணத்தை ஒழுங்கு செய்த ஏஜென்சி எப்படி?

ஹட்டன் டவுனில் இருக்கும் ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி மூலமாக நானும் கணவரும் அம்மாவும் இந்த ஆகஸ்ட் விடுமுறையில் பிரான்ஸின் தெற்குக் கரையில் இருக்கும் நீஸ் நகரத்துக்குப் போய் வந்தோம். விசா வேலைக்கு அவர்களிடம் தாராளமாகப் போகலாம். ஊர் சுற்றும் திட்டத்தை மட்டும் முழுசாக அவர்கள் கையில் விட்டுவிடாதீர்கள். குறையும் எழுத வேண்டியிருப்பதால் பெயரைப் போடவில்லை.

தங்கச்சி பாரிஸில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து ரயிலில் தெற்கே இறங்கிக் கடலோரத்தில் கொஞ்ச நாள் இருக்கலாம் என்பதுதான் எண்ணம். ஆகஸ்டில் டிக்கோயாப் பக்கம் மழையும் பனிமூட்டமும் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அம்மா ஆயுசு முழுக்க தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர், மழையில் நனைந்து நனைந்து முழங்கால் போய்விட்டது. வெயிலில் ஒரு இடத்தில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது அவர்தான்.

முதலில் கொழும்பில் ஒரு இடத்தில் விசாரித்தோம். எங்கே போகிறீர்கள், எப்போது போகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால் படிவத்தில் தோட்டப் பெயரையும் டிவிஷனையும் பார்த்துவிட்டு, "பேங்க்ல எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்கள். பணக் கணக்குக் கேட்பது அவர்களுடைய வேலைதான், அதில் தப்பில்லை, ஆனால் விலாசத்தைப் பார்த்ததும் குரல் மாறியதே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அதோடு நிற்கவில்லை. அம்மா கொழும்புக்கு வரத் தேவையில்லை, விசா நிச்சயம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பிரான்ஸ் உட்பட நிறைய ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு முதல் தடவை விண்ணப்பிக்கும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லோரும் நேரில் போய் விரல் அடையாளம் கொடுத்தே ஆக வேண்டும். விசா கொடுப்பதும் மறுப்பதும் தூதரகத்தின் கையில்தான் இருக்கிறது, எந்த ஏஜென்சிக்காரரும் அதை உறுதியாகச் சொல்ல முடியாது.

ஹட்டனில் எங்கள் வேலையைப் பார்த்த தம்பி முதல் நாளே இதைத்தான் சொன்னார்: "டீச்சர், பேப்பர் சரியா இருக்கிறத மட்டுந்தான் நான் பாத்துத் தரலாம். விசா கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்." அந்த ஒரு வார்த்தைக்காகவே அங்கே உட்கார்ந்தோம்.

அப்புறம் அவர் செய்த வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாஸ்போர்ட் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே போனார். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் 'யி' என்று முடிகிறது, அடையாள அட்டையில் அந்த எழுத்தே இல்லை. தாத்தாவின் பெயரும் ஒன்றில் 'ரெ', ஒன்றில் 'ர'. அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதிவிட்டுப் போன பெயர்கள், மலையகத்தில் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. கேட்டால் எரிந்து விழுவார்கள் என்றுதான் அம்மா பயந்துகொண்டிருந்தார். தம்பியோ, "இது எங்க எல்லார் வீட்டிலயும் உள்ளதுதாம்மா" என்று சொல்லிவிட்டு, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கிறது என்று சத்தியக்கடதாசி ஒன்று முடித்துப் பைலில் சேர்க்கச் சொன்னார். பத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளை எங்கே செய்வது என்பதையும் அவரே காட்டினார்.

இன்னொன்று, தங்கச்சி வீட்டில் தங்கும் நாட்களுக்கு அவள் அங்கே தன்னுடைய மேரியில், அதாவது நகரசபையில், வரவேற்புப் பத்திரம் ஒன்று எடுக்க வேண்டும். அதை ஸ்கேன் பண்ணி வட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நாங்கள் இருந்தோம். மூலப் பிரதியே வேண்டும், விமான நிலையத்தில் இறங்கும்போதும் கேட்கலாம் என்று தம்பி பிடிவாதமாகத் தபாலில் வரவழைத்தார். நீஸ் நாட்களுக்கு ஹோட்டல் புக்கிங். சில இடங்களில் விசாவுக்காக மட்டும் பொய்யான புக்கிங் போட்டுக் கொடுப்பார்களாம், இவர் அதைத் தொடவே மாட்டேன் என்றார். காசு திருப்பித் தரக்கூடிய உண்மையான புக்கிங்தான் போட்டார்.

இன்ஷுரன்ஸிலும் அதே கவனம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவச் செலவு, உடலை நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவு உட்பட, இருக்க வேண்டும் என்பது விதி. அம்மாவுக்கு சுகர் இருப்பதால், ஏற்கனவே உள்ள நோய்க்கு அந்த பாலிசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று வரி வரியாக வாசித்துக் காட்டினார். விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு 45, மறுக்கப்பட்டால் திரும்ப வராது. இதையெல்லாம் கையெழுத்து வாங்குவதற்கு முன்னாலேயே சொன்னார், பின்னால் சொல்லவில்லை. பயணத்துக்கு 6 மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். ஆகஸ்டில் போகிறவர்கள் கடைசி எல்லை வரை காத்திருக்கக் கூடாது. என்னைப் போல அரசாங்க வேலையில் இருப்பவர்கள் வெளிநாட்டு லீவு அனுமதியையும் எடுக்க வேண்டும், அந்தக் கடிதம் வலயக் கல்வி அலுவலகம் வழியாக நகர்ந்து வர நேரம் எடுக்கும், அதை முதலில் ஆரம்பியுங்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். விசா வந்த பிறகு கையில் கொடுத்த பயணத் திட்டம் வேறு யாரோ எழுதியது போல இருந்தது. ஒரு நாள் மொனாக்கோ, ஒரு நாள் கான், அடுத்த நாள் வாசனைத் திரவியம் செய்யும் கிராஸ், அதற்கடுத்த நாள் எல்லை தாண்டி இத்தாலியின் சான்ரெமோ, எல்லாம் தனி வேனில், காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. முழங்கால் வலிக்கிற ஒரு அம்மாவுக்காகக் கடலோரம் போகிறோம் என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தோமே! மொனாக்கோவுக்கு நீஸிலிருந்து உள்ளூர் ரயில் ஓடுகிறது, அரை மணி நேரம்கூட இல்லை, சில யூரோதான். வேனுக்குப் போட்டிருந்த விலையைப் பார்த்தபோது கமிஷன் ஞாபகம் வராமல் இல்லை. கேட்டதும் முகம் சுளிக்காமல் நீக்கிவிட்டார்கள், அது நல்லது, ஆனால் கேட்காதவர்கள் கட்டிவிட்டுத்தானே போவார்கள்.

அதைவிட என்னை வருத்தியது, அந்தத் திட்டம் நம் ஊர்ச் சூரியனை வைத்துப் போட்டிருந்தது. ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்கு 'ஹோட்டலுக்குத் திரும்புதல்'. நீஸில் ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிவிடும். நடுப்பகலில் வெயில் சுடுகிறது, நிறையச் சின்னக் கடைகளும் மூடிவிடுகிறார்கள், ஊர் உயிர் பெறுவதே மாலையில்தான். ஆறு மணிக்கு அறைக்குள் போனால் அந்த ஊருக்குப் போய் என்ன பயன்? நாங்கள் திட்டத்தைத் தலைகீழாக்கினோம். காலையில் சந்தை, பகலில் தூக்கம், ஐந்து மணிக்கு மேல் கடற்கரை. ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலை ஒட்டி ஒரு நடைபாதை போகிறது, அதில் நீல நிற நாற்காலிகள் போட்டிருக்கிறார்கள், யாரும் உட்காரலாம், காசு இல்லை. அம்மா அங்கே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கால்களைக் கம்பிமேல் போட்டுக்கொண்டு, ஓடுகிறவர்களையும் சைக்கிள்காரர்களையும் நாய்களையும் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. 19ஆம் நூற்றாண்டில் குளிருக்காக நுவரெலியாவுக்கு ஏறிய ஆங்கிலேயர்களின் சனம்தான், தங்கள் நாட்டுக் குளிர்காலத்தில் வெயில் காய நீஸுக்கும் வந்திருக்கிறது, அந்த நடைபாதை தொடங்கியதே அவர்கள் பணத்தில்தான். 2021ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தக் குளிர்கால விடுமுறை வரலாற்றுக்காகவே. அங்கே உட்கார்ந்து ஓய்வெடுக்க என் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை.

ஏஜென்சி சொல்லாமல் விட்ட இன்னும் சில விஷயங்கள் இருக்கின்றன, போகிறவர்களுக்கு உதவும். அவர்கள் காட்டிய படத்தில் மணல் கடற்கரை. நீஸ் கடற்கரையில் மணல் இல்லை, முழுக்க உருண்டைக் கல், வெறுங்காலில் அம்மா வயதுக்காரர்கள் நடக்கவே முடியாது. ரப்பர் சப்பாத்து கட்டாயம். மணலில் கால் வைக்க வேண்டுமென்றால் உள்ளூர் ரயிலில் பத்து நிமிஷத்துக்குள் வில்பிரான்ஷ் போய்விடலாம், ஸ்டேஷனுக்கு நேர் கீழே கடற்கரை, கொஞ்சம் பருமனான மணல், வளைகுடா என்பதால் அலையும் அடங்கியிருக்கும். அந்தீப் நகரின் பழைய மதிலுக்குப் பக்கத்திலும் நல்ல மணல் உண்டு. காசு கட்டிச் சாய்கதிரை எடுக்கும் தனியார் கடற்கரை ஒன்றைத் திட்டத்தில் போட்டிருந்தார்கள், தேவையே இல்லை, பக்கத்திலேயே பொதுக் கடற்கரைகள் இலவசம்.

'கோட்டை மலை ஏறுதல்' என்று ஒரு வரி இருந்தது, அம்மா அதைக் கேட்டதுமே வேண்டாம் என்றுவிட்டார். கீழிருந்து மேலே இலவச லிப்ட் இருக்கிறது! மேலே கோட்டை என்று எதுவும் மிச்சமில்லை, 1706ல் பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி இடிக்க வைத்துவிட்டார், ஆனால் மரநிழலும் ஒரு நீர்வீழ்ச்சியும் வளைகுடா முழுவதும் தெரியும் காட்சியும் இருக்கிறது. பகல் 12 மணிக்கு அங்கிருந்து வெடி ஒன்று போடுவார்கள், தினமும் நடப்பது, திடுக்கிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஏஜென்சி எதுவுமே சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கவிச்சி தொடமாட்டார். பழைய நகரத்தில் சொக்கா என்று ஒன்று விற்கிறார்கள், கடலை மாவு, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான், பெரிய தட்டில் விறகு அடுப்பில் சுட்டு, மிளகுத்தூள் தூவிக் கிழித்துக் கொடுப்பார்கள். ஓரம் கருகி, நடுவில் மெத்தென்று, முறுகலான தோசை மாதிரி. அம்மா இரண்டாவது தட்டு கேட்டார். ஆனால் நீஸ் சாலட், பான் பாஞ்ஞா என்ற ரொட்டி இரண்டிலும் டூனாவோ நெத்தலி மாதிரி மீனோ இருக்கும், மரக்கறி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கூர் சலேயா சந்தையில் காய்கறி, பூ வாங்கத் திங்கட்கிழமை போகக் கூடாது, அன்றைக்குப் பழைய பொருட்கள் மட்டுந்தான்.

சர்விஸ் சார்ஜ் கொழும்பில் கேட்டதைவிடக் குறைவு, எல்லாவற்றுக்கும் ரசீது தந்தார்கள். பயண நாட்களில் வட்ஸ்அப்பில் கேட்டால் பதில் வந்தது, நேர வித்தியாசம் இருந்தும். விசாவுக்கு ஐந்தில் ஐந்து. பயணத் திட்டத்துக்கு இரண்டு, அதுவும் சொன்னதும் மாற்றிக் கொடுத்ததற்காக. திட்டம் எழுதுபவர் ஒரு தடவையாவது வரைபடத்தையும் சூரியன் மறையும் நேரத்தையும் பார்த்துவிட்டு எழுதலாம், வயதானவர்கள் வருகிறார்களா என்று கேட்டுவிட்டு எழுதலாம். இதைத் திரும்பி வந்ததும் நேரிலேயே சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குச் சனம் இறங்கும் நாள், அன்றைக்குப் போனால் அவசரத்தில்தான் பேசுவார்கள். வார நாளில் காலையில் போங்கள், பிறப்புச் சான்றிதழின் மூலப் பிரதியைக் கையோடு கொண்டு போங்கள்.