தெப்பக்குளமா, ஓடுதளமா, மொட்டை மாடியா: அறுபதைக் கடந்து நடக்கத் தொடங்குபவருக்கு

அறுபத்திரண்டு வயதில், இரத்தச் சர்க்கரையும் முழங்கால் வலியும் ஒன்றாக ஏறிய பிறகுதான் நான் நடக்கத் தொடங்கினேன். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்பதைத்தான். ஐந்து மாதங்களாக மதுரைக்குள் வெவ்வேறு இடங்களில் நடந்து பார்த்த பிறகு, எங்கே நடக்கிறோம் என்பதைப் பொறுத்தே பழக்கம் நிலைக்கிறது என்று உறுதியாகச் சொல்வேன். ஓர் இடத்தை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: களைத்துப்போனால் அங்கே நிறுத்த முடிய வேண்டும், களைக்காதபோது நிறுத்தத் தோன்றக் கூடாது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. மிதம் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு காலடி. பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், பாட முடியாது. பத்தாயிரம் காலடி என்ற கணக்கு, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி அளவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் பிறந்ததன்று. சராசரி வயது எழுபத்திரண்டு கொண்ட பெண்களைக் குறித்து 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 காலடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 காலடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. பத்தாயிரத்தைக் கேட்டு மலைத்து நின்ற எனக்கு இந்த 4,400 என்ற எண் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதலில் நான் தேர்ந்தெடுத்தது மொட்டை மாடி. தட்டோடு பதித்த தளத்தில் சுண்ணாம்புக் கட்டியால் பன்னிரண்டு அடி நீளத்துக்கு எட்டு வரைந்து, பலரும் சொல்கிற எட்டு நடையைத் தொடங்கினேன். செலவில்லை, தெருநாய் பயமில்லை, தலை சுற்றினால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். எட்டு வடிவத்துக்கு நோய் தீர்க்கும் தனிச் சக்தி இருப்பதாகச் சொல்லப்படுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் வளைந்து திரும்பி நடப்பது சமநிலைக்கு நல்ல பயிற்சிதான். முதியவர்களின் நடைத்திறனைச் சோதிக்க இயன்முறை மருத்துவர்களே எட்டு வடிவில் நடக்கச் சொல்வதுண்டு. இதில் இரண்டு குறைகளைக் கண்டேன். பத்து அடிக்கு ஒரு முறை திரும்ப வேண்டியிருப்பதால் நிமிடத்துக்கு நூறு காலடி என்ற வேகத்தை எட்டவே முடியவில்லை. ஏற்கெனவே தேய்ந்த என் வலது முழங்காலின் உட்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் நோகத் தொடங்கியது. அதைவிடப் பெரிய குறை, நிறுத்துவது அங்கே மிக எளிது என்பதுதான். பால்காரர் மணி அடித்தால், கீழே குக்கர் விசில் வந்தால், கைப்பேசி ஒலித்தால் அன்றைய நடை அத்தோடு முடிந்தது. பதினெட்டு நாளில் ஒரு நாள்கூட நான் முப்பது நிமிடத்தைத் தொடவில்லை. எட்டு நடையை வெறுங்காலோடுதான் செய்ய வேண்டும் என்பார்கள். பாதத்தில் மரமரப்பு உள்ள சர்க்கரை நோயாளிகள் அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் முள் குத்தியதும் தளம் சுட்டதும் அவர்களுக்கு உறைக்காமலே போய்விடும்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தின் ஓடுதளம் தரத்தில் இவை எல்லாவற்றிலும் மேலானது. சமமான தளம், வாகனம் குறுக்கே வராத வழி, 400 மீட்டர் என்ற துல்லியமான அளவு எல்லாம் உண்டு. எந்த இடத்தில் நின்றாலும் வெளியே வரும் வாசல் பக்கத்திலேயே இருக்கிறது. நரிமேட்டிலோ சொக்கிகுளத்திலோ குடியிருப்பவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை என்பேன். காமராஜர் சாலைப் பக்கம் இருக்கும் நான், நடப்பதற்காக வைகையைக் கடந்து ஸ்கூட்டரில் போய்வர வேண்டியிருந்தது. பயணத்துக்கே நடக்கிற நேரம் ஆகும்போது, தூறல் விழுந்த முதல் நாளே நான் போகவில்லை, மறுநாளும் போகவில்லை.

தெப்பக்குளம் என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. பதினேழாம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய இந்தக் குளம் ஒரு பக்கம் 305 மீட்டர், மறுபக்கம் 290 மீட்டர் என்பதால், சுவரை ஒட்டி வெளியே ஒரு சுற்று வந்தால் 1,200 மீட்டருக்குச் சற்றுக் கூடும். என் நடைக்கு அது இருபது நிமிடம், இரண்டாயிரத்துக்கு அருகில் காலடி. இதில் தொடக்கக்காரர் முன்கூட்டியே அறிந்துகொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு. பாதிச் சுற்றில் கால் மறுத்துவிட்டால், முன்னே போனாலும் பின்னே வந்தாலும் புறப்பட்ட இடம் 600 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். முப்பது நிமிடக் கணக்குக்காக ஒன்றரைச் சுற்று நடந்தால் எதிர்க்கரையில் போய் நிற்போம். மூன்றாம் நாள் எனக்கு அதுதான் நேர்ந்தது. கிழக்கே வானம் வெளுத்துக்கொண்டிருந்த நேரத்தில், இரவின் குளிர்ச்சி இன்னும் நீங்காத கருங்கல் சுவரின்மேல் கையை ஊன்றி நின்றேன். தண்ணீரில் மைய மண்டபத்தின் நிழல்கூட இன்னும் தெளியவில்லை. என்னைக் கடந்து போன ஒரு பெரியவர் திரும்பி வந்து, "உக்காந்துட்டுப் போங்க சார், அவசரம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத் தானும் சற்று நேரம் உடன் அமர்ந்தார். எழுபதைத் தாண்டியவர். "மொத ஒரு கரை மட்டும் போய்த் திரும்புங்க, முழுச் சுத்து அப்புறம் தானா வரும்" என்றார்.

அந்த யோசனைதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு கரையின் மூலை வரை போய்த் திரும்பினால் 600 மீட்டர், பத்து நிமிடம். வீட்டிலிருந்து போய்வரும் பத்து நிமிடத்தைச் சேர்த்தால் இருபது. இரண்டு வாரம் அப்படியே செய்தேன், அடுத்த இரண்டு வாரம் இரண்டு கரை போய்த் திரும்பினேன், ஐந்தாம் வாரத்தில் முழுச் சுற்று வந்தது. இப்போது இரண்டு சுற்றுகளும் போய்வரும் தூரமும் சேர்ந்து ஐம்பது நிமிடம் ஆகின்றன; காலடி 4,400ஐத் தாண்டிவிடுகிறது. உட்காருவதற்கு நீளமான சுவர் இருக்கிறது. ஆனால் எழுந்து சுற்றை முடித்தால்தான் வீட்டுக்குப் போக முடியும் என்ற நிலையும் இருக்கிறது. என் அளவுகோலுக்கு இதைவிடப் பொருந்திய இடம் வேறு கிடைக்கவில்லை.

இது காலை நடைக்கான தீர்ப்பு. மாலையில் அதே கரை தின்பண்டக் கடைகளும் குடும்பங்களுமாக நிரம்பிவிடுவதால் வேகத்தோடு நடக்க வழியில்லை. சர்க்கரைக்காக நடப்பவருக்கு உணவுக்குப் பிந்தைய நடையும் உதவுகிறது. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பதினைந்து நிமிடம் நடந்த முதியவர்களுக்குச் சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது என்றும், இரவு உணவுக்குப் பிந்தைய நடை குறிப்பாக உதவியது என்றும் 2013இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரவு சாப்பிட்டபின் பதினைந்து நிமிடம் எங்கள் தெருவிலேயே நடக்கிறேன். மழை நாளில் அதற்கு மட்டும் வீட்டுக் கூடம் போதும்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வாகனங்கள் ஓடாததால், விடியற்காலையில் அங்கே நடப்பது மிக நிம்மதியானது. என் மனைவிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. வீதி முனையில் கோபுரம் தெரிவதால் தூரம் தெரிவதில்லை என்கிறார். மழைநீர் தேங்கிய கல் தளம் வழுக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். திருப்பரங்குன்றம் கிரிவலம் மூன்று கிலோமீட்டருக்குக் குறையாதது. நான்கு மாதம் பழகியவருக்குப் பௌர்ணமிதோறும் ஏற்றது, தொடக்கக்காரருக்கு வேண்டாம்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சில ஏற்பாடுகள் அவசியம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், வெறும் வயிற்றில் புறப்படலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும்போது சர்க்கரை திடீரெனக் குறைந்தால் வாயில் போட, சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ தோன்றினால் அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஐந்தேகாலுக்குப் புறப்பட்டால்தான் வெயில் ஏறுவதற்குள் திரும்ப முடியும். அந்த நேரத்தில் தெருநாய்கள் இருக்கும் என்பதால் கையில் ஒரு கம்பு வேண்டும். எனக்கு அது முழங்காலுக்கும் துணையாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மட்டும் நான் தெப்பக்குளத்துக்குப் போவதில்லை. மனைவியோடு சித்திரை வீதியில் அவருடைய வேகத்தில் இரண்டு சுற்று வருகிறேன்.