பல்லாரோ சந்தை: என்ன சமைப்பது என்று முடிவு செய்யாமல் போக வேண்டிய இடம்

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோ நகரத்தில் வீட்டுச் சமையலுக்குச் சாமான் எங்கே வாங்குவது என்று புதிதாக வந்தவர்கள் கேட்டால், நான் யோசிக்காமல் பல்லாரோ என்றுதான் சொல்வேன். ஒரு சிசிலிக் குடும்பத்தின் குசினியில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சமைக்கிறேன். இரண்டு குசினிக்கும் மரக்கறி, மீன், பாற்கட்டி எல்லாம் இந்தச் சந்தையில் இருந்துதான் போகின்றன. நகரத்தில் கப்போ, வுச்சிரியா என்று வேறு பழைய சந்தைகளும் உண்டு. வுச்சிரியாவில் இப்போது இரவுக் கூட்டம்தான் அதிகம். கப்போ நல்ல சந்தை, ஆனால் அன்றாடக் கூடையை நிரப்ப எனக்குப் பல்லாரோவே கைகொடுக்கிறது.

இடம் அல்பெர்கெரியா பகுதி. மத்திய ரயில் நிலையத்தில் இருந்து நடந்தே போய்விடலாம். ஒரு முனை கொர்சோ துகோரி, மறுமுனை காசா புரொபெஸ்ஸா தேவாலயம். நடுவில் கார்மினே தேவாலயத்தின் வண்ண ஓடு பதித்த குவிமாடம் தெரியும். தேவாலயப் பக்கத்தில் இருந்து நுழைந்தால் முதலில் வருவது பொரியல் தட்டுகளும் குளிர்பானக் கிண்ணங்களும் வைத்திருக்கும் மேசைகள். அவை சுற்றுலா வந்தவர்களுக்கானவை. சமைக்கிறவர்கள் துகோரி முனையில் இருந்து வாருங்கள். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை நல்ல நேரம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு பெரும்பாலான கடைகள் மூடிவிடும்.

இந்தச் சந்தைக்கு நான் ஒருபோதும் பட்டியல் எழுதிக்கொண்டு போவதில்லை. வியாபாரிகள் பாட்டுப் போல இழுத்துக் கத்துவார்கள். எந்தப் பொருளின் பெயர் அதிகம் காதில் விழுகிறதோ, எந்தக் குவியல் கடைக்குக் கடை உயர்ந்து நிற்கிறதோ, அதுதான் அன்றைய சமையல். மலிவாகவும் இருக்கும், ருசியாகவும் இருக்கும். சூப்பர்மார்க்கெட்டில் தை மாதத்திலும் கத்தரிக்காய் அடுக்கி வைத்திருப்பார்கள். அதை வாங்கிச் சமைத்தால் எண்ணெய் குடிக்கும், ருசி வராது. எந்த மாதத்தில் எதைச் சமைக்க வேண்டும் என்பதை நான் படித்தது இந்தக் குவியல்களைப் பார்த்துத்தான்.

குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். பலெர்மோவில் பனி விழாது என்றாலும் பழைய வீடுகள் பலவற்றில் ஹீட்டர் கிடையாது. கல்தரை, உயரமான கூரை, ஈரக் காற்று. ஜனவரியில் வெளியே வெயில் அடிக்கும், உள்ளே கால் விறைக்கும். அந்த நாட்களில் பல்லாரோ முழுக்கப் பச்சைக் காலிஃபிளவர்தான். வெள்ளை இல்லை, இளம்பச்சை. பூசணிக்காய் அளவுக்குக்கூட வரும். ஊர்க்காரர்கள் அதைப் புரொக்கொலி என்றுதான் கேட்பார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். இலை உடையாமல் மொரமொரவென்று இருந்தால் அது அன்று வந்தது. இலையை முழுக்க நறுக்கி எறிந்துவிட்டு வைத்திருந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அதில் செய்கிற பாஸ்தாவை நான் வேலை வீட்டுச் சிஞ்ஞோராவிடம் (இங்கே பெண்களை அம்மா என்ற மரியாதையோடு அப்படித்தான் கூப்பிடுவார்கள்) கற்றுக்கொண்டேன். நாலு பேருக்கு ஒரு கிலோ காலிஃபிளவர், 400 கிராம் புக்காத்தினி, அதாவது நடுவில் துளை உள்ள தடித்த நீளப் பாஸ்தா. உப்புத் தண்ணீரில் காலிஃபிளவரைக் குழைய அவித்து எடுத்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டக் கூடாது, பாஸ்தா அவிவது அதில்தான். இன்னொரு சட்டியில் ஒலிவ் எண்ணெய் தாராளமாக விட்டு வெங்காயத்தை மெல்லிய தீயில் வதக்கி, உப்பில் ஊறிய நெத்தலி நாலைந்தைப் போட்டால் அது கரைந்து காணாமல் போய்விடும். பிறகு உலர்ந்த திராட்சை ஒரு கைப்பிடி, பைன் விதை ஒரு கைப்பிடி, வெந்நீரில் கரைத்த குங்குமப்பூ. அதோடு காலிஃபிளவரைச் சேர்த்து அகப்பையால் மசித்து மசித்துக் கிளற வேண்டும். பூக்கள் உடைந்து மஞ்சள் களியாகும் வரை கிளறுவதை நிறுத்தக் கூடாது. வெந்த பாஸ்தாவை அதில் புரட்டி, சட்டியை மூடிக் கொஞ்ச நேரம் வையுங்கள். மேலே தூவுவதற்குப் பாண் தூளைத் துளி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து வைத்திருக்க வேண்டும். பாற்கட்டிக்குப் பதிலாக இதுதான்.

கேசரிக்குப் போடுகிற திராட்சையும் நெத்தலியும் ஒரே சட்டியில் எப்படிச் சேரும் என்று எங்கள் ஆட்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். சாப்பிட்டால் புரியும். ஒரு வாயில் உப்பு, அடுத்த வாயில் இனிப்பு, இடையில் வறுத்த பாண் தூளின் மொறுமொறுப்பு. கி.பி. 831-இல் பலெர்மோ அரபுக்காரர் கைக்குப் போனது. இந்த இனிப்பு-உப்புக் கலவையை அவர்கள் காலத்தோடு சேர்த்துத்தான் இங்கே எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, ஒரு காய், ஒரு சட்டித் தண்ணீர், அலமாரியில் கிடக்கும் நாலு உலர்ந்த சாமான், இவற்றை வைத்துக் குளிர்ந்த வீட்டில் ஆறு மணிக்கு வயிற்றைச் சூடாக்கும் சாப்பாடு வந்துவிடுகிறது என்பதுதான்.

இந்தச் சந்தையில் எனக்கு மிகவும் பிடித்த சேவை ஒன்றைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டிகள் அதிகம் பேசுவதில்லை. அவித்த மரக்கறி விற்கிறார்கள். பெரிய அலுமினியச் சட்டியில் ஆவி பறக்கும் உருளைக்கிழங்கு, கூனைப்பூ, போஞ்சி. பக்கத்தில் தட்டுத் தட்டாக முழு வெங்காயம், தோல் கருகக் கருக ஓவனில் சுட்டது. வேலை முடிந்து வருகிறவள் இரண்டு சுட்ட வெங்காயம், நாலு உருளைக்கிழங்கு, கொஞ்சம் போஞ்சி வாங்கிக்கொண்டால் போதும். வீட்டில் வெங்காயத்தின் தோலை உரித்து, எல்லாவற்றையும் வெட்டி, எண்ணெய், வினாகிரி, ஒரேகானோ, உப்பில் ஊறிய கப்பெரி என்ற பூமொட்டு போட்டால் இராச்சாப்பாடு தயார். பொரித்தது இல்லை, உறைந்த பெட்டி இல்லை. எரிவாயுவும் மிச்சம். நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண்களுக்கு இதைவிட நல்ல கடைச் சாப்பாடு இந்த நகரத்தில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் தோடம்பழம். எத்னா எரிமலையைச் சுற்றிய சமவெளியில் விளையும் சிவப்புத் தோடை மார்கழிக்குப் பிறகு வந்து குவியும். பகல் வெயிலும் இராக் குளிரும் மாறி மாறி வருவதால்தான் உள்ளே அந்தச் சிவப்பு. தரொக்கோ என்ற வகை சாப்பிட இனிப்பு, மோரோ என்ற வகை கறுப்புச் சிவப்பாக, கொஞ்சம் புளிப்பாக இருக்கும். சாலட்டுக்கு நான் இரண்டையும் கலந்து வாங்குவேன். வட்டமாக வெட்டி, பெருஞ்சீரகச் செடியின் வெள்ளை அடிப்பகுதியை மெல்லிய சீவலாக்கி, கறுப்பு ஒலிவ், வெங்காயத்தாள், எண்ணெய், உப்பு, மிளகுத்தூள். மீன் பொரித்த நாளில் பக்கத்தில் வைக்க இதற்கு ஈடு எதுவும் இல்லை. மாசி, பங்குனியில் கேட்க வேண்டியது சாக்கூல்லி மண்டரின். அது பலெர்மோ ஓரத்திலேயே, கொன்கா டோரோவில் விளைவது. மற்ற மண்டரின்கள் முடிகிற நேரத்தில்தான் அது பழுக்கும். தோல் மெல்லியது, விதை குறைவு, வாசம் கையை விட்டுப் போகாது.

மார்ச் மாதம் சந்தையின் வாசமே மாறிவிடும். காட்டுப் பெருஞ்சீரகக் கீரை கட்டுக் கட்டாக வந்து இறங்கும். சாளை மீனோடு சேர்த்துச் செய்யும் பாஸ்தா அதற்குத்தான். கீரை அவித்த தண்ணீரிலேயே பாஸ்தா, அதே திராட்சை, அதே பைன் விதை, அதே வறுத்த பாண் தூள். காலிஃபிளவர் பாஸ்தா தெரிந்தவருக்கு இது கையில் வந்துவிடும். மீன்காரர் சாளையைப் பிளந்து, முள்ளும் தலையும் எடுத்துத் தருவார். கேட்க வேண்டும், அவ்வளவுதான். மார்ச் 19 சூசையப்பர் திருநாளை ஒட்டி உலர்ந்த பாக்கிலா அவரைப் பருப்பை வாங்கிக் குழைய வேகவைத்து, அதே கீரையைப் போட்டு மாக்கோ செய்வார்கள். உள்ளியோ மசாலாவோ வேண்டாம், மேலே நல்ல எண்ணெய் மட்டும். சில வாரம் கழித்துப் பச்சைப் பாக்கிலாவும் பட்டாணியும் கூனைப்பூவும் ஒரே நேரத்தில் இளசாகக் கிடைக்கும்போது மூன்றையும் வதக்கி ஃபிரித்தெத்தா. அந்தக் காலம் சீக்கிரம் போய்விடும், கண்டவுடன் வாங்குங்கள்.

கோடைக்குத்தான் நான் உண்மையில் காத்திருப்பேன். ஜூன் முடிவில் தெனெருமி வரும். சுரைக்கொடியின் தளிரும் இலையும் அது, பெரிய பெரிய கட்டாக, பூவோடும் சுருள் இழையோடும். அருகில் அதன் காய்கள், நீளமாக, வெளிர் பச்சையாக, ஒரு மீற்றரையும் தாண்டும். சுரைக்காய் எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் தளிரைச் சாப்பாட்டின் நடுநாயகமாக்கிச் சமைப்பதை நான் இந்த ஊரில்தான் கண்டேன். ஒன்றிரண்டு யூரோவுக்குக் கை கொள்ளாத கட்டு கிடைக்கும். வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து ஆய வேண்டும். முற்றிய தண்டும் சுருள் இழையும் வேண்டாம், இலையும் மெல்லிய தண்டும் மட்டும். மூன்று நாலு முறை கழுவுங்கள், மண் இருக்கும். நிறைய உப்புத் தண்ணீரில் அவித்து, ஸ்பகெத்தியை விரல் நீளத்துக்கு முறித்து அதிலேயே போட்டு, உள்ளியில் வதக்கிய தக்காளியைச் சேர்த்து இறக்கி, சின்னத் துண்டு கச்சொகவால்லோ பாற்கட்டி. இது கஞ்சி போல நீர்த்திருக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் நாற்பது பாகை வெயிலில் சூடான சூப்பா என்று கேட்பீர்கள். வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் குடியுங்கள். உடம்பு தணிந்துவிடும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதற்குப் பச்சை மிளகாய் ஒன்றைக் கடித்துக்கொள்கிறார்கள். சிஞ்ஞோராவும் இப்போது கேட்டு வாங்கிக்கொள்கிறா.

கத்தரிக்காய்க் கப்போனாத்தாவுக்கும் அதுதான் காலம். உருண்டை ஊதாக் கத்தரிக்காயை வாங்குங்கள், தூக்கிப் பார்த்தால் கனம் குறைவாக இருக்க வேண்டும், கனத்தால் விதை. பொரித்த கத்தரிக்காய், செலரி, தக்காளி, பச்சை ஒலிவ், கப்பெரி, கடைசியில் வினாகிரியும் சீனியும். செய்த அன்று சாப்பிட வேண்டாம், மறுநாள்தான் அது கப்போனாத்தா.

இனிக் குறைகள். கடைகளுக்கு மேலே கட்டியிருக்கும் சிவப்புத் தார்ப்பாய்களின் நிழலில் தக்காளியும் மீனும் இருப்பதைவிடச் சிவப்பாகத் தெரியும். வெளிச்சத்துக்கு நகர்த்திப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான கடைகளில் காயை நாமே பொறுக்க விடமாட்டார்கள். ஒரு கடையில் மேலே நல்ல பீச் பழத்தை அடுக்கி, அடியில் நைந்ததைப் போட்டுத் தந்தார்கள். அந்தக் கடைப் பக்கம் நான் பிறகு போகவில்லை. ஒரு கடைக்காரரைப் பழக்கமாக்கிக்கொள்வதுதான் வழி. எனக்கு மரக்கறி தருகிற ஐயா "இன்றைக்கு இது வேண்டாம் சிஞ்ஞோரா, நாளைக்கு வா" என்று தானே சொல்லிவிடுவார். ஒரு வாடிக்கையாளரை அப்படித் திருப்பி அனுப்புகிற மனிதரிடம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மீன் பன்னிரண்டு மணிக்குப் பிறகு வாங்காதீர்கள், கோடையில் பத்து மணிக்குப் பிறகே வேண்டாம். தரை எப்போதும் ஈரம், செருப்பு வழுக்கும். சனத்துக்குள்ளே ஸ்கூட்டர் ஓட்டி வருவார்கள். தள்ளுவண்டிப் பிள்ளையோடோ முழங்கால் வலியோடோ போகிறவர்களுக்குச் சனிக்கிழமைக் கூட்டம் சரிப்படாது, செவ்வாய், புதன் காலையில் போங்கள். கறிவேப்பிலை, வெண்டிக்காய், பச்சை மிளகாய் வேண்டுமென்றால் ஒட்டிய தெருக்களில் எங்கள் ஆட்களும் பங்களாதேஷ்காரர்களும் நடத்தும் கடைகள் இருக்கின்றன. இரண்டு சமையலுக்கும் ஒரே நடை.

ஊருக்கோ வேறு நாட்டுக்கோ கொண்டுபோக நினைப்பவர்களுக்கு மூன்று சாமான் சொல்வேன். ஒன்று, பன்தெல்லேரியா தீவுக் கப்பெரி, உப்பில் போட்டது, வினாகிரியில் போட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு, கிளையோடு கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஒரேகானோ. போத்தல் தூளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று, ஸ்த்ராத்து. கோடைத் தக்காளியைச் சாறாக்கி, உப்புப் போட்டு, பலகையில் பரப்பி வெயிலில் நாட்கணக்கில் காயவைத்துச் செங்கல் நிறத்தில் எடுக்கும் விழுது. குவியலில் இருந்து கரண்டியால் வழித்து நிறுத்துத் தருவார்கள். விலை கூடத்தான், தகரத்தில் வரும் தக்காளி விழுதைப் போலப் பல மடங்கு. ஆனால் ஒரு தேக்கரண்டி போதும். 100 கிராம் வாங்கி, சின்னப் போத்தலில் அழுத்தி, மேலே விரலளவு ஒலிவ் எண்ணெய் ஊற்றிக் குளிரூட்டியில் வையுங்கள், அடுத்த ஸ்த்ராத்து வரும்வரை இருக்கும். பருப்புக் குழம்புக்கும் நான் இதைத்தான் போடுகிறேன்.