ட்ரீம்லைனரின் ஜன்னலும் வருங்கால விமானங்களின் திரையும்: ஒரு மதிப்புரை

விமானங்களைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் இருக்கையின் அகலம், கால் நீட்டும் இடம், உணவு, முன்னிருக்கையில் பதித்த திரை ஆகியவை பக்கம் பக்கமாக அலசப்படுகின்றன. ஜன்னலுக்கு ஒரு வரி ஒதுக்கப்பட்டாலே பெரிது. மேகங்களை மேலிருந்து பார்க்கும் பேறு மனிதருக்கு மிக அண்மைக் காலத்தில்தான் வாய்த்தது என்பதை எண்ணும்போது இந்தப் புறக்கணிப்பு எனக்கு வருத்தம் தருகிறது. அதனால் இங்கே போயிங் 787 ட்ரீம்லைனரின் ஜன்னலை மதிப்பிட எடுத்துக்கொண்டிருக்கிறேன். 2011 அக்டோபரில் சேவைக்கு வந்த அந்த விமானத்தை அளவுகோலாக வைத்தே, வரைபடங்களாகவும் சிறு மாதிரிகளாகவும் காட்டப்படும் வருங்கால விமானங்கள் பயணியின் கண்ணுக்கு என்ன தரவிருக்கின்றன என்பதையும் எடைபோடுகிறேன்.

787இன் ஜன்னல் ஏறத்தாழ 47 செ.மீ. உயரமும் 27 செ.மீ. அகலமும் கொண்டது. இன்று பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களில் இதைவிடப் பெரிய ஜன்னல் கிடையாது. அகலத்தைக் காட்டிலும் உயரமே இதன் உண்மையான சிறப்பு. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 390 கி.மீ. தொலைவில், கண்மட்டத்துக்கு மூன்றரை பாகை தாழ்வாக அமைகிறது. ஜன்னலின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்குக் கீழேயே முடிந்துவிட்டால், ஓரத்தில் இருப்பவர் குனிந்துதான் அடிவானத்தைப் பார்க்க வேண்டும்; நடு இருக்கையில் இருப்பவருக்கு இறக்கையின் ஒரு துண்டும் கீழுள்ள மேகமும் மட்டுமே கிடைக்கும். ட்ரீம்லைனரில் உயரமானவரும் குட்டையானவரும் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே அந்தக் கோட்டைப் பார்க்கிறார்கள். நடைவழி இருக்கையில் இருப்பவரும் தலையைத் திருப்பினால் போதும். ஒரு விமான ஜன்னல் ஓரத்து இருக்கைக்காரருக்கு மட்டும் சொந்தமாக இல்லாமல் வரிசைக்கே பொதுவாக இருப்பதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

இதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்று கேட்டால், விமானத்தின் உடலில் வெட்டப்படும் ஒவ்வொரு திறப்பும் அதற்கு ஒரு பலவீனம் என்பதுதான் விடை. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். உள்ளே மூச்சுவிடத்தக்க அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், ஒவ்வொரு பயணத்திலும் உடற்கூடு ஒருமுறை உப்பி மீண்டும் தளர்கிறது. 1952இல் பயணிகள் சேவையைத் தொடங்கிய டி ஹாவிலண்ட் காமெட், உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954இல் அவ்வகை விமானங்கள் இரண்டு சில மாத இடைவெளியில் நடுவானில் சிதறின. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திறப்புகளின் மூலைகளில் தகைவு (விசையால் உலோகத்துக்குள் எழும் இறுக்கம்) எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகக் குவிந்து உலோகம் களைத்துப் பிளந்தது தெரியவந்தது. இன்று நாம் தலைசாய்க்கும் ஜன்னலின் வளைந்த மூலைகளுக்குப் பின்னால் அந்த உயிரிழப்புகளும் அந்த ஆய்வும் இருக்கின்றன.

787இன் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன் இழைக் கலப்புப்பொருள். அலுமினியம் களைப்பதைப் போல அது களைப்பதில்லை என்பதால் திறப்புகளைப் பெரிதாக்க முடிந்தது. உள்ளே அழுத்தத்தையும் கூட்ட முடிந்தது. மற்ற விமானங்கள் பலவற்றில் சுமார் 2,400 மீட்டர் மலையுச்சிக்கு நிகராக இருக்கும் அழுத்தம், இங்கே 1,800 மீட்டருக்கு நிகராக வைக்கப்படுகிறது. பயணம் முடிந்து இறங்கும்போது களைப்புக் குறைவாக இருப்பதும் ஜன்னல் பெரிதாக இருப்பதும் ஒரே காரணத்தின் இரண்டு பலன்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இனி, பார்வை. இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் ஓடுபாதையில் இறக்கை கிட்டத்தட்டத் தட்டையாகத் தெரியும். வேகம் கூடக் கூட, சக்கரங்கள் தரையை விடுவதற்கு முன்பே, அதன் நுனி மெல்ல எழும்பத் தொடங்கும். வானில் நிலைகொண்ட பிறகு முழு இறக்கையும் வில்லாக மேல்நோக்கி வளைந்திருக்கும். அந்த வளைவு முழுவதும் ஒரே ஜன்னலுக்குள் அடங்குகிறது. விமானத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும் விசையை வேறு எந்த இடத்திலும் இத்தனை வெளிப்படையாக நான் கண்டதில்லை. சூரியனுக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்தால் இன்னொன்று கிடைக்கும். கீழே மேகப்பரப்பு இருக்கும்போது விமானத்தின் நிழல் அதன் மீது ஓடிவரும். நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தோன்றும். மேகம் நெருங்கி வந்து நிழலும் பெரிதாகும்போது உற்றுக் கவனியுங்கள்: வளையத்தின் மையம் நிழலின் நடுவில் நிற்காது, நீங்கள் அமர்ந்திருக்கும் இடத்தின் மேல் நிற்கும். முன்வரிசையில் இருப்பவர் காணும் மையம் முன்னே இருக்கும், கடைசி வரிசைக்காரருக்கு அது வால்பக்கம் நகர்ந்துவிடும். ஒவ்வொரு பயணிக்கும் அவரவருக்கென்றே ஒரு வளையம்.

இந்த ஜன்னலின் குறை, அதன் புதுமை என்று கொண்டாடப்பட்ட அம்சத்திலேயே இருக்கிறது. இழுத்து மூடும் பிளாஸ்டிக் மூடி இங்கே கிடையாது. இரண்டு மெல்லிய படலங்களுக்கு நடுவே ஒரு கூழ்ப்பொருள் இருக்கிறது; சிறிதளவு மின்னழுத்தம் தந்தால் அது கருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் வெளிச்சம் படிப்படியாக ஆழ்ந்த நீலமாக மாறும். மாற்றம் உடனே நிகழாது. ஒரு நிமிடத்துக்கு மேலும் பொறுத்திருக்க நேரும். மிக அதிகமான இருட்டிலும் வெளியுலகம் மறைந்துவிடுவதில்லை: நண்பகல் பனிமலைகள் நிலவொளியில் நிற்பவை போலத் தெரிகின்றன, அருகில் தூங்குபவருக்கும் தொந்தரவில்லை. இது பழைய மூடி தராத அழகு. ஆனால் சூரியன் நேராக ஜன்னலில் விழும்போது கருத்த கண்ணாடியையும் மீறி அதன் வட்டம் கண்ணைக் குத்துகிறது. தூங்க விரும்புபவருக்குப் பழைய மூடியே மேல்.

அதைவிட என்னை உறுத்துவது, பணிக்குழுவினர் ஒரே இடத்திலிருந்து எல்லா ஜன்னல்களையும் இருட்டாக்கிப் பொத்தான்களையும் செயலற்றதாக்க முடியும் என்பது. பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நிறுவனத்தின் நீண்ட பகல்நேரப் பயணத்தில், உணவு முடிந்ததும் முழு அறையும் நீல இருளில் ஆழ்த்தப்பட்டது. மலைத்தொடர் ஒன்றைக் கடந்த பொழுது முழுவதும் பொத்தான் அசைந்து கொடுக்கவில்லை. தூங்குபவரின் உரிமையை நான் மதிக்கிறேன். ஒளிபுகும் அளவில் ஒரு படியையாவது பயணியின் கையில் விட்டிருக்கலாம். கண்ணாடியின் தன்மையை மட்டும் குறைசொல்ல முடியாத இடம் இது; அதை யார் கட்டுப்படுத்துகிறார் என்பதும் வடிவமைப்பின் பகுதிதான்.

இருக்கை வரிசைகளின் இடைவெளியும் ஜன்னல்களின் இடைவெளியும் ஒத்துப்போகாததால் சில வரிசைகளுக்கு வெறும் சுவர் வாய்க்கும். இது எல்லா விமானங்களுக்கும் பொதுவான குறை.

வருங்காலத்துக்கு வருவோம். ஏர்பஸ் 2011இல் வெளியிட்ட 2050ஆம் ஆண்டுக்கான கற்பனை விமானத்தில், பறவையின் எலும்பைப் போன்ற சட்டகமும் தேவைக்கேற்ப ஒளி ஊடுருவும் சுவரும் வரையப்பட்டிருந்தன. பார்த்த எவரையும் மயக்கும் ஓவியம் அது. ஆனால் அழுத்தத்தையும் மைனஸ் 55 பாகை செல்சியஸ் குளிரையும் தாங்கி, எடையும் குறைவாக, முழுச்சுவரும் ஒளிபுகும் விதத்தில் அமைந்த பயணிகள் விமானம் எதுவும் இதுவரை வரவில்லை. உண்மையில் நெருங்கி வந்துகொண்டிருப்பவை வேறு வகையானவை. உடலும் இறக்கையும் ஒன்றாகக் கலந்த வடிவம் எரிபொருளைப் பெருமளவு மிச்சப்படுத்தும் என்பதால் ஏர்பஸ் தன் ‘மாவெரிக்’ சிறு மாதிரியை 2019இல் பறக்கவிட்டது. அமெரிக்க விமானப்படை 2023இல் ஜெட்ஜீரோ நிறுவனத்துக்கு இதே வடிவில் முழு அளவு விமானம் ஒன்றைக் கட்ட நிதியுதவி அறிவித்தது. எரிபொருள் மிச்சம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தகைய விமானத்தின் உட்புறம் அகன்ற அரங்கமாக இருக்கும். பக்கச்சுவர் ஒரு சிலருக்கே வாய்க்கும், மற்றவர்களுக்கு ஜன்னல் என்ற பேச்சே எழாது. விமானம் சாயும்போது நடுவிலிருந்து தள்ளி அமர்ந்திருப்பவர்கள் அதிகமாக ஏறி இறங்குவார்கள் என்பதால், வெளியே பார்த்து உடலைச் சமன்செய்துகொள்ளும் தேவையும் அங்கேதான் கூடும்.

திரைகள் அந்த இடத்தை நிரப்பும் என்கிறார்கள். எமிரேட்ஸ் 2017இல் அறிமுகப்படுத்திய முதல் வகுப்பு அறைகளில், நடுவில் உள்ளவற்றுக்கு வெளிப்புறக் கேமராக்களின் நேரடிக் காட்சியைக் காட்டும் மெய்நிகர் ஜன்னல்கள் வைக்கப்பட்டன. வெறும் சுவரைவிட அது மேல் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். நாசாவின் எக்ஸ்-59 சோதனை விமானத்தில் விமானிக்கே முன்பக்கக் கண்ணாடி இல்லை, கேமராவையும் திரையையும் நம்பித்தான் ஓட்டுகிறார். பயணிக்கு மட்டும் என்ன குறை என்று கேட்கலாம். விமானிக்கு வேண்டியது தகவல், அதைத் திரை செம்மையாகத் தரும். ஜன்னலோரப் பயணிக்கு வேண்டியது வேறு. ஜன்னலருகே முகத்தைக் கொண்டுபோனால் கீழே நேராகவும் பின்னே தொலைவாகவும் புதிய காட்சிகள் திறக்கின்றன. திரையில் தலையை எங்கே நகர்த்தினாலும் அதே படம்தான். தொலைவை நோக்கித் தளர வேண்டிய கண், அரை மீட்டர் தூரத்துத் திரையில் குவிந்தே நிற்கிறது. முன்சொன்ன வண்ண வளையமும் கேமரா பொருத்தப்பட்ட இடத்தைத்தான் மையமாகக் கொள்ளும். அது பயணியுடையதாக இருக்காது.

இந்த வரிசையில் என் நம்பிக்கையைப் பெற்றது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘ஃப்ளையிங்-வி’. அதன் இரண்டு இறக்கைகளுக்குள்ளேயே பயணிகள் அமர்கிறார்கள். அறைகள் நீண்டு குறுகியிருப்பதால் சுவரோரம் கிடைப்பவர்களின் எண்ணிக்கை கூடும். இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி உட்காருபவருக்கு, போகும் திசையை நோக்கிச் சாய்ந்த பார்வை அமையும். இன்றைய விமானங்களில் பயணிக்கு அரிதாகவே வாய்க்கும் கோணம் அது. 2020இல் அதன் சிறு மாதிரி பறந்துகாட்டியது. முழு விமானமாவதற்கு நெடுந்தூரம் இருக்கிறது. ஆனால் சிக்கனத்துக்காகப் பார்வையைப் பலிகொடுத்தே தீரவேண்டும் என்ற வாதத்துக்கு இந்த வரைபடமே போதுமான மறுப்பு என்பது என் கருத்து.

அதுவரை 787இன் ஜன்னலுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது இருட்டாக்கும் ஏற்பாடு. பயணச்சீட்டு எடுக்கும்போது இருக்கை வரைபடத்தில் இறக்கைக்குப் பின்னால் உள்ள வரிசைகளில், சுவர் மறைக்காத இடமாகப் பார்த்து, நிழற்பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். வட அரைக்கோளத்தில் பகலில் மேற்கு நோக்கிப் பறப்பவர்களுக்குப் பெரும்பாலான மாதங்களில் அது வலப்பக்கம், கிழக்கு நோக்கிப் பறப்பவர்களுக்கு இடப்பக்கம். அங்கே கண்ணாடியைக் கருக்க வேண்டிய தேவை குறைவு, மேகத்தில் ஓடும் நிழலும் அந்தப் பக்கத்தில்தான் விழும்.